மடிநோய்: கிருமி எப்படி நுழைகிறது, மாடு எப்படி எதிர்த்து நிற்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் “கிருமி உடம்புக்குள் போனால் என்ன நடக்கும் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். “காலையில் பால் ஏன் திரிதிரியாக வந்தது?” என்று ஆரம்பித்தால் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கேள்வி ஒன்றுதான். கால்நடை மருத்துவராக ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் தொழுவத்து வாசலில் நின்றபடி என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மடிநோயை வைத்தே பேசுகிறேன். இந்தச் சண்டையின் மிச்சம்தானே தினமும் இரண்டு வேளை பாத்திரத்தில் வந்து விழுகிறது.

மடிநோய் என்பது கிருமியா, வீக்கமா?

கிருமி உள்ளே போவது பாதிக் கதை. மடி சூடாகிறது, சிவக்கிறது, கல் மாதிரி இறுகுகிறது, கை வைத்தால் மாடு உதைக்கிறது. இதெல்லாம் மாட்டின் உடம்பு செய்கிற வேலை. ரத்தக் குழாய்கள் விரிந்து, அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தமும் நீரும் வெள்ளணுக்களும் வருகின்றன. அதைத்தான் வீக்கம் என்கிறோம். கிருமி நுழைந்தும் வீக்கமே வராத மாடுகள் நிறைய உண்டு. அவைதான் உண்மையில் தலைவலி. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மடி பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே நான்கு தனித்தனிச் சுரப்பிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பால் போக வழியில்லை. அதனால்தான் ஒரு காம்பு கெட்டு மூன்று காம்பில் நல்ல பால் வருகிறது. சந்தையில் ‘மூணு காம்பு மாடு’ என்று விலை குறைத்துக் கேட்பதும் அதனால்தான்.

பாலில் திரிதிரியாக வருகிறதே, அதுதான் கிருமியா?

இல்லை. கிருமியைக் கண்ணால் பார்க்க முடியாது. திரியில் பெரும்பகுதி மாட்டின் சொந்த வெள்ளணுக்கள், அதுவும் சண்டையில் செத்தவை. அவற்றோடு ரத்தத்திலிருந்து கசிந்த புரதமும், உதிர்ந்த மடித் திசுவும், உறைந்த பாலும் சேர்ந்து கட்டியாகிறது.

நல்ல மடியில் ஒரு மில்லி பாலில் 1 லட்சத்துக்கும் குறைவான உடல் செல்கள், அதாவது வெள்ளணுக்களும் உதிர்ந்த மடிச் செல்களும், இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் அந்தச் சுரப்பியில் தொற்று இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். நோய் முற்றினால் கணக்கு பல லட்சங்களுக்கும் கோடிக்கும் போகும். கூடுவது பெரும்பாலும் நியூட்ரோபில் என்கிற ஒரே வகை வெள்ளணு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாலின் தரத்தைச் சொல்லும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று. மில்லிக்கு 4 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான்: செத்த வீரர்களை எண்ணிச் சண்டையின் கடுமையைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? கண்ணு பட்டதால்தான் என்கிறார் எங்கள் அம்மா.

அம்மா சொல்வதிலும் ஒரு கவனிப்பு இருக்கிறது. நன்றாகக் கறக்கிற மாட்டுக்குத்தான் நான்கு பேர் கண் படும். மடிநோயும் அதிகம் கறக்கிற மாட்டுக்குத்தான் அதிகம் வருகிறது. காரணம்தான் வேறு.

கிருமிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். மாட்டிலிருந்து மாட்டுக்குத் தாவுகிறவை ஒன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இந்த ரகம். நோயுள்ள மடியில் குடியிருந்து, கறப்பவரின் கை, மடி துடைக்கும் துணி, கறவை இயந்திரத்தின் ரப்பர் குழாய் வழியாக அடுத்த மாட்டுக்குப் போகும். ‘அகலாக்டியே’ என்ற பெயருக்கே ‘பாலில்லாமை’ என்று பொருள். ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும் மடிநோய் தொற்றக்கூடியது என்று பிரான்சில் எட்மண்ட் நோகார்டும் மொல்லெரோவும் 1887இலேயே எழுதிவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் சுற்றுப்புறத்தில் கிடப்பவை. சாணத்தில் ஈ.கோலை, ஈர வைக்கோலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ், படுக்கைக்குப் போடும் மரத்தூளில் கிளெப்சியெல்லா. ஈ.கோலை மாட்டின் குடலிலேயே காலம் முழுக்க இருக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை. குடலில் இருக்கும்வரை அது குடித்தனக்காரர். அதுவே ஒரு சென்டிமீட்டர் குழாயைத் தாண்டி மடிக்குள் வந்துவிட்டால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. கிருமி நல்லதா கெட்டதா என்பதில் பாதி, அது எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த ஒரு சென்டிமீட்டர் குழாய் என்ன?

காம்பின் நுனித் துளைதான். மாட்டின் தற்காப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மொத்த நீளமே ஏறக்குறைய 1 செ.மீ. சுற்றிலும் சுருக்குப்பையின் கயிறு மாதிரி ஒரு தசை வளையம், கறக்காத நேரத்தில் இறுக்கி மூடியிருக்கும். உட்சுவரில் கெரட்டின் பூச்சு. நம் நகமும் முடியும் ஆன அதே வகைப் பொருள். அது வெறும் அடைப்பு இல்லை. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பாக்டீரியாவைக் கொல்லும். ஒட்டிய கிருமி கெரட்டினோடு உரிந்து, அடுத்த கறவையின் முதல் பீச்சலில் வெளியே போய்விடும். முதல் பாலைத் தனியாகப் பீச்சிக் கொட்டச் சொல்வது இதனாலும்தான்.

கறந்து முடித்ததும் தசை வளையம் களைத்துத் தளர்ந்திருக்கும். மறுபடி முழுதாக இறுக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், சில மாடுகளுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் வாசல் திறந்தே கிடக்கிறது. கறந்தவுடன் மாடு களைப்பில் சாணத்தின் மேல் படுத்தால்? கதவைத் திறந்து வைத்துத் திருடனுக்குப் பாய் விரித்த கதை. கறந்து முடித்ததும் தீவனம் போடுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் பசி இல்லை. தின்கிற நேரம் வரை மாடு நின்றுகொண்டிருக்கும், துளை மூடிவிடும்.

கட்டைவிரலை மடக்கி, கணுவைக் காம்பில் அழுத்திக் கறக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேகமாகக் கறக்கலாம்தான். ஆனால் நாளடைவில் காம்பின் உட்புறம் நசுங்கிக் காயமாகும், நுனியும் தடித்து வெடிக்கும். வெடித்த தோல் ஸ்டஃபிலோகாக்கஸுக்குப் பிடித்த வீடு. ஐந்து விரலாலும் காம்பை உள்ளங்கையில் பிடித்துக் கறக்கும் முழுக்கை முறைதான் சரி.

துளையைத் தாண்டி உள்ளே போனால் நோய் நிச்சயமா?

இல்லை. தினமும் சில கிருமிகள் தாண்டத்தான் செய்யும், பெரும்பாலானவை தோற்றுப்போகும். முதல் தடை, கறவை. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை வீடே கழுவி விடப்படுகிறது. அதில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமானால் ஒன்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அல்லது கழுவும் வேகத்தைவிட வேகமாகப் பெருக வேண்டும்.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முதல் வழியில் போகிறது. மடிச் சுவரின் செல்களில் ஒட்டிக்கொள்ளத் தோதான புரதங்கள் அதன் மேல் இருக்கின்றன. ஈ.கோலை இரண்டாவது வழி. 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். மாலை 5 மணிக்குக் கறந்து, நள்ளிரவுக்குள் கணக்கு அங்கே நிற்கும். இடையில் மாடு சும்மா இருந்தால்தான்.

அடுத்த தடை, பட்டினி போடுவது. எந்த உயிருக்கும் இரும்புச்சத்து வேண்டும். மடியில் லாக்டோஃபெரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. இரும்பைக் கிருமிக்குக் கிடைக்காமல் கவ்விக்கொள்வது அதன் வேலை. பதிலுக்கு ஈ.கோலை இரும்பைப் பிடுங்கும் கொக்கி போன்ற மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. நம் கண்ணில் படாமல் ஓர் இரும்புச் சந்தையே நடக்கிறது. பால் வற்றிய மடியில் லாக்டோஃபெரின் பல மடங்கு கூடும். அங்கே ஈ.கோலை நுழைந்தாலும் பெருக முடியாமல் முடங்கிக் கிடக்கும். கன்று போட்டுப் பால் ஊற ஆரம்பித்ததும் லாக்டோஃபெரின் குறையும், முடங்கிக் கிடந்தது எழுந்துகொள்ளும்.

கிருமி வந்தது மாட்டின் உடம்புக்கு எப்படித் தெரிகிறது?

மடிக்குள் எப்போதும் சில காவல் செல்கள் சுற்றிக்கொண்டிருக்கும்: மேக்ரோஃபேஜ்கள். அவற்றின் மேலும் மடிச் சுவர்ச் செல்களின் மேலும் உணர்வான்கள் உண்டு. அவை ஒவ்வொரு கிருமியையும் பெயர் சொல்லி அறிவதில்லை. கிருமிகளிடம் மட்டும் இருக்கும், மாட்டிடம் இல்லாத சில பொருள்களைத் தடவிப் பார்க்கின்றன. ஈ.கோலையின் மேலுறையில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள் அப்படிப்பட்ட ஒன்று. விலங்குகளிடம் இந்த உணர்வு எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்காக புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் 2011இன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உணர்ந்ததும் வேதிச் செய்தி பறக்கும். அருகிலுள்ள ரத்தக் குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகும். ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில்கள் அதில் ஒட்டி, உருண்டு, நின்று, சுவரின் இடுக்கில் தங்களை நசுக்கிக்கொண்டு வெளியேறி மடிக்குள் நுழையும். கிருமியை விழுங்கும், நச்சு ஆக்சிஜனாலும் நொதிகளாலும் கொல்லும். சில நியூட்ரோபில்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைத்துச் சாகும்.

செல்கள் கிருமியைத் தின்னும் என்று முதலில் அடித்துச் சொன்னவர் இலியா மெட்ச்னிகோவ். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருந்தார். காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. நட்சத்திர மீனுக்கு, கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் கிடையாது, தடுப்பூசி போட்டாலும் பயனில்லை. ஆனாலும் இந்தப் படை அதனிடம் இருக்கிறது. அவ்வளவு பழைய ஏற்பாடு.

இந்தப் படை வராவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு நிஜமான பதில் இருக்கிறது. ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்று ஹோல்ஸ்டீன் இனக் காளை ஒன்று அமெரிக்காவில் இருந்தது. அதன் விந்து உலகமெங்கும் போனது. அதன் வம்சத்தில் சில கன்றுகள் ஈறு அழுகி, நிமோனியாவும் கழிச்சலும் வந்து சிறுவயதிலேயே செத்தன. ரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோபில் குறையவில்லை, மாறாக மிதமிஞ்சி இருந்தது. குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதனால் படையினர் ரத்தத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார்களே ஒழிய வெளியே இறங்க முடியவில்லை. 1992இல் அந்த மரபணுப் பிழை அடையாளம் காணப்பட்டது. இன்று விந்து எடுக்கும் காளைகளுக்கு இந்தச் சோதனை செய்துதான் சேர்க்கிறார்கள், இந்தியாவிலும்.

இவ்வளவு இருந்தும் மாடு ஏன் தோற்கிறது?

ஒரு காரணம் பால். ரத்தத்தில் புலியாக இருக்கும் நியூட்ரோபில் பாலுக்குள் வந்ததும் கொழுப்புத் துளிகளையும் கேசின் என்ற பால் புரதத்தையும் கிருமி என்று நினைத்து விழுங்கித் தள்ளுகிறது. வயிறு நிறைந்தபின் கொல்லும் திறன் குறைந்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குக் காவலுக்குப் போனவர் பந்தியில் உட்கார்ந்த மாதிரிதான்.

இன்னொரு காரணம் கிருமியின் சாமர்த்தியம். இதில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸை மிஞ்ச ஆளில்லை. ஆன்டிபாடி என்பது ஒரு முனையில் கிருமியைப் பிடித்து, மறுமுனையை வெள்ளணுவுக்குக் கைப்பிடியாக நீட்டும் புரதம். இந்தக் கிருமி அந்தக் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொள்கிறது. ஆன்டிபாடி தலைகீழாகத் தொங்கும், வெள்ளணுவுக்குப் பிடி கிடைக்காது. வெள்ளணுவைத் துளையிடும் நச்சுகளும் இதனிடம் உண்டு. சுற்றிலும் பிசின் போன்ற படலம் கட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டின் செல்லுக்குள்ளேயே, சில சமயம் தன்னை விழுங்கிய நியூட்ரோபிலுக்குள்ளேயே, சாகாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே பல மருந்துகள் போதிய அளவில் எட்டுவதில்லை. உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுச் சுவர் எழுப்பும். மடிக்குள் கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்படுவது அதுதான். அந்தச் சுவர் கிருமியைச் சிறைவைக்கிறது. மருந்திடமிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

ஒரு மாடு ஒரே ராத்திரியில் விழுந்துவிடுகிறது. இன்னொன்று மாதக்கணக்கில் இழுக்கிறது. ஏன்?

முதலாவது பெரும்பாலும் ஈ.கோலை. மாலையில் நன்றாகக் கறந்த மாடு, காலையில் காது சில்லிட்டுப் படுத்திருக்கும்; காம்பைப் பீச்சினால் இளநீர் மாதிரி நீர் வரும். இங்கே ஆளைச் சாய்ப்பது கிருமியின் எண்ணிக்கை மட்டும் இல்லை. ஈ.கோலை சாகும்போது அதன் மேலுறைப் பொருள் சிதறுகிறது. அதைக் கண்டு உடம்பு முழுக்க அபாய மணி அடித்து, ரத்த அழுத்தம் சரிந்து மாடு சாய்கிறது. கிருமியில் பெரும்பங்கு செத்த பிறகும் மாடு சாகலாம். படை சீக்கிரம் வந்தால், கிருமி ஆயிரங்களில் இருக்கும்போதே தீர்த்துக்கட்டிவிடும், சில நாளில் மாடு தானே தேறும். தாமதமானால் கோடிக்கணக்கில் கொல்ல வேண்டியிருக்கும், நச்சும் அந்த அளவுக்குக் கொட்டும். சில மணி நேர வித்தியாசம்தான் விதியை எழுதுகிறது.

இரண்டாவது ஸ்டஃபிலோகாக்கஸ். மெதுவாகப் பெருகும், மணியைப் பலமாக அடிக்காது. மாடு தின்னும், அசைபோடும், பால் மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். சில வேளை இதே கிருமி நச்சைக் கொட்டி மடியை நீலம் பாரிக்க வைத்து அழுகச் செய்வதும் உண்டு, ஆடுகளில் குறிப்பாக.

கன்று போட்ட வாரத்தில்தான் அதிகம் வருகிறது. அது ஏன்?

அப்போது மாட்டின் கையிருப்பு காலி. பாலுக்குப் போகிற சத்து அளவுக்குத் தீவனம் உள்ளே போவதில்லை. ஹார்மோன் மாற்றத்தால் நியூட்ரோபில்கள் மந்தமாகி, மடிக்கு வந்து சேரத் தாமதமாகும். ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து சரிந்தால் தசைகள் தளரும். காம்பு நுனித் தசையும் தசைதானே. இப்படிச் சுண்ணாம்புச்சத்து சரிந்து பால் காய்ச்சல் வந்த மாட்டுக்கு மடிநோயும் சேர்ந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வைட்டமின் ஈ, செலினியம் குறைந்தாலும் வெள்ளணுவின் கொல்லும் திறன் குறையும். செனையின் கடைசி மாதங்களில் தாது உப்புக் கலவை கொடுங்கள் என்பது வெறும் பால் கணக்கு இல்லை.

கோமாரிக்குத் தடுப்பூசி இருக்கிறது. மடிநோய்க்கு ஏன் இல்லை?

கோமாரி ஒரு வைரஸ். இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகைக்கு எதிராக ஊசி போட்டால் போதும். அந்த வைரஸ் ரத்தத்தில் பரவும்போது அங்கேயே ஆன்டிபாடி காத்திருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டினால் வேலை முடிந்தது.

மடிநோய்க்குக் காரணமான கிருமிகளோ பல டஜன். சண்டை நடக்கும் இடமும் ரத்தம் இல்லை, பால். அங்கே ஆன்டிபாடி கசிவது கொஞ்சம், அதுவும் லிட்டர் கணக்கான பாலில் நீர்த்துப்போகும். வெளிநாடுகளில் ஈ.கோலையின் ஜே-5 என்ற ரகத்தை வைத்துச் செய்த தடுப்பூசி பழக்கத்தில் இருக்கிறது; அது தொற்றைத் தடுப்பதைவிட நோயின் கடுமையைக் குறைக்கிறது. அதுவே பெரிய காரியம் என்பேன்.

கன்றுக்குச் சீம்பால் எப்போது கொடுக்க வேண்டும்? நஞ்சுக்கொடி விழட்டும் என்கிறார்களே?

காத்திருக்கவே வேண்டாம். மனிதக் குழந்தைக்குத் தாயின் ஆன்டிபாடி வயிற்றிலிருக்கும்போதே வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் தாய் தன் ரத்தத்து ஆன்டிபாடிகளை அள்ளிச் சீம்பாலில் சேர்த்து வைக்கிறாள். கன்றின் குடல் அவற்றை முழுசாக உள்ளே விடும். ஆனால் மணிக்கு மணி அந்த வாசல் சுருங்கி, 24 மணி நேரத்தில் மூடிவிடும்.

கொடி விழ எட்டு மணி, பத்து மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிப் போட்டுவிட்டு, பிற்பாடு கழிச்சலுக்கு மருந்து தேடி அலைவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்ட ஆரம்பித்துவிட வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், முதல் நாளுக்குள் போக வேண்டும். கன்று காம்பைச் சப்புவதால் கொடி சீக்கிரம் விழவும் உதவி கிடைக்கும்.

வீக்கம் இல்லாத மடிநோயை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கறுப்புத் துணி அல்லது கறுப்பு ஓட்டில் முதல் இரண்டு பீச்சலை விட்டுப் பாருங்கள், சின்னத் திரியும் பளிச்சென்று தெரியும். திரியே இல்லாத நிலைக்குச் சோப்புச் சோதனை இருக்கிறது. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் தூளைக் கரைத்து, ஒரு தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகக் கொஞ்சம் கறந்து, ஒவ்வொன்றிலும் அதே அளவு கரைசலை ஊற்றி மெதுவாகச் சுழற்ற வேண்டும். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோயுள்ள பால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று திரளும். சோப்பு வெள்ளணுக்களை உடைத்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளியே வந்து இழைகிறது, அவ்வளவுதான் ரகசியம். 1957இல் வந்த கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையும் இதே தத்துவம்.

நாக்கும் ஒரு கருவிதான், ஆனால் கொதிக்க வைத்த பாலில் மட்டும் பாருங்கள். வீங்கிய மடியில் ரத்தத்தின் உப்பு பாலுக்குள் கசியும், பால் சர்க்கரை குறையும். பால் லேசாக உப்புக் கரிக்கிறது என்று பாட்டிகள் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். ஆட்டுப் பாலுக்கு மட்டும் சோப்புச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம். ஆடு பால் சுரக்கும் விதத்தில் இயல்பாகவே செல் துணுக்குகள் அதிகம் வரும்.

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது பலன் தருமா?

தரும், அளவோடு எதிர்பார்த்தால். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் செக்கச் சிவந்த விழுது வரும். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் தளரக் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு, ஒரு நாளில் எட்டு, பத்து தடவை பூச வேண்டும், ஐந்து நாள். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் முறைப்படுத்திய இந்தப் பக்குவம் தேசிய பால்வள வாரியம் வழியாகப் பல மாநிலங்களுக்குப் போயிருக்கிறது.

மஞ்சளும் கற்றாழையும் வீக்கத்தைத் தணிக்கும். அடிக்கடி கழுவிக் கறப்பதால் கிருமியும் நச்சும் வெளியேறும். பலனில் அதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. லேசான நோய்க்கு ஆரம்பத்திலேயே செய்யுங்கள். மாடு தீவனம் எடுக்கவில்லை, காய்ச்சல், பால் நீர்த்துவிட்டது என்றால் விழுது அரைத்துக்கொண்டு நிற்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் மூன்று நாள் ஊசி சொன்னார், ஒரே நாளில் பால் தெளிந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

கூடாது. பால் தெளிந்தால் படை திரும்பிப் போகிறது என்று அர்த்தம், எதிரி தீர்ந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. மிச்சமிருப்பவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை. அவைதான் மறுபடி பெருகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று பால் மாதிரியைச் சோதித்துப் பார்ப்பதே முறை. அகலாக்டியேவை பென்சிலின் பெரும்பாலும் தீர்த்துவிடும். பழைய ஸ்டஃபிலோகாக்கஸ் மாட்டுக்கு நான்காவது முறையும் ஊசி போடுவது காசைப் பாலில் கரைப்பது. அந்த மாட்டைக் கடைசியில் கறப்பது, அல்லது கறவையிலிருந்து விலக்குவதுதான் மற்ற மாடுகளுக்கு நல்லது.

அந்தப் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் சில நேரம் பாலில் விட்டுவைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். மருந்து போட்ட நாள்களிலும், புட்டியில் குறித்த விலக்கு நாள்கள் முடியும் வரையிலும் பாலைச் சொசைட்டிக்கும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், பல சமயம் தயிர் உறையாது. மருந்து உறைக்கிருமியையும் கொன்றிருக்கும்.

எருமைக்கும் நாட்டு மாட்டுக்கும் வராதா?

வரும், ஆனால் குறைவு. எருமையின் காம்பு நுனித் தசை இறுக்கமானது; கறப்பவருக்குக் கை வலிக்கும், கிருமிக்கும் வழி கடினம். நாட்டு மாடு கறப்பது குறைவு, மடியும் தரையைத் தொடாமல் மேலே இருக்கும். துளை அகன்று, தொட்டதும் சொரியும் மாடு விற்பனைக்கு வந்தால் ஆசைப்படுவோம். அந்தச் சொரிவதற்கும் ஒரு விலை உண்டு.

கறந்தபின் காம்பை அயோடினில் முக்குவது அவசியமா?

ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். 1960களில் இங்கிலாந்தின் ரெடிங் அருகே இருந்த தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் பல பண்ணைகளை வைத்துப் பார்த்துத்தான் இதை முதல் வரிசையில் வைத்தார்கள்; வற்றுக் காலத்தில் எல்லாக் காம்பிலும் மருந்து ஏற்றுவது, தீராத மாட்டை விலக்குவது எல்லாம் அதே திட்டத்தின் மற்ற அம்சங்கள். 0.5 விழுக்காடு அயோடின், தோல் வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொரு காம்பையும் பாதிக்கு மேல் முங்கும்படி ஒரு நொடி. துளை திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வாசலில் ஒரு துளி அயோடின் நிற்கும். கறக்கும் முன் மடியைக் கழுவினால் துடைத்துக் காயவைத்துக் கறங்கள், ஒரு மாட்டுக்கு ஒரு துணி. ஈர மடியிலிருந்து கையில் வழியும் தண்ணீர், சாணத்துக் கிருமியோடு நேராகக் காம்பு நுனிக்குத்தான் போகும்.

பால் வற்றிய பிறகு மடியைக் கவனிக்க என்ன இருக்கிறது?

முதல் இரண்டு வாரமும் கடைசி இரண்டு வாரமும் நிறைய இருக்கிறது. கறவை நின்றதும் கழுவிவிட ஆளில்லை, மடியில் பால் தேங்கி அழுத்தும், துளை கசியும். நாளடைவில் கெரட்டின் திரண்டு தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். சில காம்புகளில் அந்தத் தக்கை வர வாரக்கணக்கில் ஆகும், சிலவற்றில் சரியாக வராமலே போகும். அதனால் வற்ற விடும் நாளில் கடைசிச் சொட்டு வரை கறந்து, மருத்துவர் சொன்ன மருந்தை நான்கு காம்பிலும் ஏற்றி, அயோடினில் முக்கி, சாணமில்லாத காய்ந்த இடத்தில் கட்டுங்கள். தினமும் ஒரு தரம் குனிந்து நான்கு காம்பையும் கண்ணால் பாருங்கள். தக்கை இருக்கிறதா என்று பார்க்கப் பீச்ச மட்டும் வேண்டாம். பீச்சினால் தக்கை வெளியே வந்துவிடும்.